எந்த எம்ஆர்ஐ எந்திரம் யாருக்கு? முதல்முறை ஸ்கேனுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

"ஒரு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்துவிடலாம்" என்று டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்த பிறகு ஸ்கேன் மையங்களுக்கு போன் செய்து பாருங்கள். ஒன்றரை டெஸ்லா, மூன்று டெஸ்லா, ஓபன் மெஷின், வைட் போர் என்று பெயர்கள் வந்து விழும். டெஸ்லா என்பது எந்திரத்தின் காந்த வலிமையைச் சொல்லும் அளவு. எது நல்லது என்று கேட்டால், "டெஸ்லா அதிகம் இருந்தால் படம் நன்றாக வரும்" என்பார்கள். அதில் உண்மை உண்டு, ஆனால் பாதி உண்மை. இடுப்பில் உலோக மூட்டு வைத்திருப்பவருக்கு 3 டெஸ்லாவில் எடுத்த படம், 1.5 டெஸ்லாவில் எடுத்ததைவிட மோசமாக வரலாம். மருந்துக்கு அடங்காத வலிப்பு உள்ள ஒருவருக்கோ, அதே 3 டெஸ்லா எந்திரம்தான் இத்தனை நாள் பிடிபடாத காரணத்தைக் காட்டிக் கொடுக்கலாம்.

அதனால் எந்திரத்தைத் தனியாக வைத்து நல்லது, கெட்டது சொல்ல முடியாது. எந்த உறுப்பு, என்ன கேள்வி, எப்படிப்பட்ட உடம்பு என்ற மூன்றும் தெரிந்த பிறகுதான் எந்திரத்தைப் பற்றிப் பேசவே முடியும். இந்தக் கட்டுரையும் அந்த வரிசையில்தான் போகிறது.

உள்ளே என்ன நடக்கிறது

நம் உடம்பில் நீரும் கொழுப்பும் நிறைய. இரண்டிலும் ஹைட்ரஜன் அணுக்கள் நிறைய. ஒவ்வொரு ஹைட்ரஜன் கருவும் ஒரு நுண்ணிய காந்தம் மாதிரி நடந்துகொள்ளும். பலமான காந்தப்புலத்துக்குள் நாம் படுக்கும்போது அவற்றில் கிட்டத்தட்டப் பாதி புலத்தின் பக்கமும், மீதிப் பாதி அதற்கு எதிராகவும் நிற்கின்றன. 1.5 டெஸ்லாவில் பத்து லட்சம் கருக்களுக்கு ஏறக்குறைய 5 மட்டுமே புலத்தின் பக்கம் கூடுதல். 3 டெஸ்லாவில் அது 10 ஆகிறது. நாம் பார்க்கும் படம் முழுக்க அந்தச் சொற்பக் கூடுதலிலிருந்துதான் வருகிறது. டெஸ்லா கூடினால் சிக்னல் கூடும் என்பதற்கு அடிப்படை இதுதான்.

ரேடியோ அலை ஒன்றை அனுப்பி இந்தக் கருக்களைக் கிளறிவிட்டால், அவை மெல்லிய சிக்னல் ஒன்றைத் திருப்பி அனுப்புகின்றன. உடம்பின்மேல் வைக்கும் 'காயில்' என்ற கம்பிச்சுருள் அதைப் பிடிக்கிறது. 1.5 டெஸ்லாவில் இந்த ரேடியோ அலையின் அதிர்வெண் ஏறக்குறைய 64 மெகாஹெர்ட்ஸ், 3 டெஸ்லாவில் 128. நாம் கேட்கும் எஃப்எம் வானொலி 88 முதல் 108 வரை இவற்றுக்கு நடுவிலேயே இருக்கிறது. வெளியே சுற்றும் ரேடியோ அலைகள் படத்தைக் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் ஸ்கேன் அறையைச் சுற்றிலும் செப்புத் தகடு பதிக்கிறார்கள். எந்தச் சிக்னல் எந்த இடத்திலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க, இன்னொரு தொகுதிக் கம்பிச்சுருள்களில் மின்சாரத்தைப் படபடவென்று மாற்றி மாற்றி அனுப்புகிறார்கள். அவை அதிர்வதுதான் அந்தப் பெரும் சத்தம். எந்திரம் பழுதாகிவிட்டதோ என்று பயப்பட வேண்டாம்.

சிடி ஸ்கேனில் இருப்பது போன்ற எக்ஸ் கதிர் இதில் இல்லை. இந்த முறையில் படம் எடுக்கலாம் என்று பால் லாட்டர்பர் 1973-ல் காட்டினார். பீட்டர் மான்ஸ்ஃபீல்ட் அதற்கு வேகத்தையும் கணித அடித்தளத்தையும் கொடுத்தார். இருவருக்கும் 2003-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. 1977-ல் ரேமண்ட் டமாடியன் குழுவினர் மனித மார்பின் ஒரே ஒரு குறுக்குவெட்டுப் படத்தை எடுக்க ஏறக்குறைய 5 மணி நேரம் ஆனது. இன்று ஒரு முழங்காலின் எல்லாப் படங்களும் பத்து இருபது நிமிடத்தில் முடிந்துவிடுகின்றன.

படி 1: சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்

"எம்ஆர்ஐ மூளை" என்று மட்டும் எழுதியிருந்தால் அது போதாது. டாக்டர் எதைத் தேடுகிறார்? தலைவலிக்குப் பெரிய காரணம் ஏதும் இல்லை என்று உறுதி செய்யவா, வலிப்பின் மூலத்தைத் தேடவா, பிட்யூட்டரி சுரப்பியில் சின்னக் கட்டி இருக்கிறதா என்று பார்க்கவா? மூன்றுமே மூளை ஸ்கேன்தான். ஆனால் மூன்றுக்கும் எடுக்கும் முறை வேறு, போதுமான எந்திரமும் வேறு. டாக்டரிடமே கேளுங்கள்: "எதற்காகப் பார்க்கிறீர்கள், 1.5 டெஸ்லா போதுமா, கான்ட்ராஸ்ட் ஊசி தேவையா?" இந்த ஒரு கேள்வி பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும். காரணத்தைச் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். ஸ்கேன் எடுப்பவரும் படத்தைப் படிப்பவரும் அதைப் பார்த்துத்தான் வேலையைத் திட்டமிடுகிறார்கள்.

கான்ட்ராஸ்ட் என்றால், சில இடங்கள் படத்தில் எடுப்பாகத் தெரிவதற்காக ஊசி வழியாகப் போடும், காடோலினியம் என்ற உலோகம் கலந்த மருந்து. சிறுநீரகக் கோளாறு இருந்தால் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தேவைப்பட்டால் ரத்தப் பரிசோதனை பார்த்த பிறகு ஊசி போடுவார்கள்.

படி 2: உடம்புக்குள் இருக்கும் உலோகத்தைப் பட்டியல் போடுங்கள்

எந்திரத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் இதை முடித்துவிடுங்கள். பல சமயம் எந்த எந்திரம் என்பதை இந்தப் பட்டியலே தீர்மானித்துவிடும். அவசரத்தில் பலரும் விட்டுவிடுகிற படி இது. உயிருக்கு ஆபத்து வருவதும் இங்கேதான்.

பேஸ்மேக்கர், இதயத்துக்கு அதிர்ச்சி கொடுக்கும் கருவி, காது கேட்பதற்காக உள்ளே வைக்கும் காக்ளியர் இம்பிளாண்ட், மூளை ரத்தக்குழாயில் போட்ட கிளிப், நரம்பைத் தூண்டும் கருவி, ஸ்டென்ட், செயற்கை வால்வு, எலும்பில் போட்ட தகடும் ஸ்க்ரூவும், இன்சுலின் பம்ப், தோலில் ஒட்டிய சர்க்கரை அளக்கும் சென்சார், எல்லாவற்றையும் எழுதுங்கள். மருந்து ஒட்டுகளில் சிலவற்றுக்குப் பின்னால் உலோகத் தாள் இருக்கும், அது சூடாகித் தோலைச் சுடும். வெல்டிங், கிரைண்டிங் வேலை செய்தவர்கள் கண்ணில் எப்போதாவது துகள் பட்டதா என்று யோசித்துச் சொல்லுங்கள். கண்ணுக்குள் ஒரு சிறு இரும்புத் துகள் இருந்தால்கூடக் காந்தம் அதை நகர்த்தி விழித்திரையைக் கிழித்துவிடக்கூடும். சந்தேகம் இருந்தால் முதலில் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள்.

உள்ளே வைத்த கருவிகளுக்கு மூன்று வகை முத்திரைகள் உண்டு. பச்சைச் சதுரம் என்றால் எந்த எம்ஆர்ஐ அறைக்குள்ளும் பாதுகாப்பு. சிவப்பு வட்டம் என்றால் உள்ளேயே போகக் கூடாது. மஞ்சள் முக்கோணம் என்றால் குறிப்பிட்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டால் மட்டும் பாதுகாப்பு. நடைமுறையில் பெரும்பாலான கருவிகள் இந்த மஞ்சள் வகையில்தான் வரும். நிபந்தனை என்றால், "1.5 டெஸ்லாவில் மட்டும்" என்றோ, "1.5 அல்லது 3 டெஸ்லாவில், ரேடியோ அலையின் சக்தி இந்த அளவுக்குள்" என்றோ கருவி செய்த நிறுவனம் எழுதியிருக்கும். பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு எம்ஆர்ஐயே கூடாது என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். அமெரிக்காவில் 2011-ல் மெட்ரானிக் நிறுவனத்தின் ரீவோ பேஸ்மேக்கர் நிபந்தனையோடு அனுமதி பெற்ற பிறகு நிலைமை மாறியது. இன்று வைக்கப்படும் பேஸ்மேக்கர்களில் பலவற்றுக்கு அந்த அனுமதி இருக்கிறது. ஆனால் ஸ்கேனுக்கு முன்பு கருவியைத் தனி நிலைக்கு மாற்றி, முடிந்ததும் பழையபடி வைக்க ஒரு ஆள் வேண்டும்.

இதில் எல்லாரும் தடுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு. டெஸ்லா குறைவாக இருந்தால் கருவிக்கு ஆபத்தும் குறைவு என்று நினைப்பது இயல்பு. இழுக்கும் விசையைப் பொறுத்தவரை பெரும்பாலும் அப்படித்தான். சூடாவது வேறு கதை. கம்பி எவ்வளவு சூடாகும் என்பது அதன் நீளத்துக்கும் ரேடியோ அலையின் நீளத்துக்கும் உள்ள பொருத்தத்தைச் சார்ந்தது. புலம் மாறினால் அலையின் நீளமும் மாறிவிடும். 1.5 டெஸ்லாவில் சோதித்துச் சரி என்று சொன்ன கருவியை 0.3 டெஸ்லாவிலும் சரிதான் என்று யாரும் தானாக முடிவு கட்டக் கூடாது. கருவி வைத்தபோது கொடுத்த அட்டையை எடுத்துக்கொண்டு போங்கள். அட்டை தொலைந்திருந்தால் அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் நிறுவனத்தின் பெயரும் மாடல் எண்ணும் இருக்கிறதா என்று தேடுங்கள். அது கிடைக்கும்வரை ஸ்கேனைத் தள்ளிப்போடுவதில் தவறே இல்லை.

படி 3: டெஸ்லாவைப் புரிந்துகொள்ளுங்கள்

டெஸ்லா என்பது காந்தப்புலத்தின் வலிமை. பூமியின் காந்தப்புலத்தோடு ஒப்பிட்டால் 1.5 டெஸ்லா ஏறக்குறைய 30,000 மடங்கு. மருத்துவமனைகளில் இன்று அதிகம் இருப்பவை 1.5 டெஸ்லாவும் 3 டெஸ்லாவும்தான். இவற்றில் மீகடத்திக் கம்பிச்சுருளைத் திரவ ஹீலியத்தில் மைனஸ் 269 டிகிரிக்குக் குளிர்வித்து வைத்திருக்கிறார்கள். அந்தக் குளிரில் கம்பிக்கு மின்தடையே இருக்காது. ஒருமுறை செலுத்திய மின்சாரம் சுற்றிக்கொண்டே இருக்கும். அதாவது ராத்திரியானாலும், மின்சாரம் போனாலும், ஸ்கேன் ஓடாதபோதும் காந்தம் விழித்தே இருக்கிறது. ஆக்சிஜன் சிலிண்டர், சக்கர நாற்காலி, கத்தரிக்கோல் எதுவும் அந்த அறைக்குள் போகக் கூடாது என்பது இதனால்தான்.

1.5 டெஸ்லாவை நான் உழைப்பாளி எந்திரம் என்பேன். முதுகுத்தண்டு, முழங்கால், தோள்பட்டை, வயிறு, பொதுவான மூளை ஸ்கேன், எல்லாவற்றையும் நிறைவாகச் செய்யும். இதயத்துக்குப் பல மையங்கள் இன்றும் இதைத்தான் விரும்புகின்றன. துடிக்கும் இதயத்தை வேகமாகப் படமெடுக்கும் முறையில் 3 டெஸ்லாவில் கறுப்புப் பட்டைகள் விழும் தொல்லை அதிகம். உள்ளே வைத்த கருவிகளில் மிகப் பலவற்றை 1.5 டெஸ்லாவில் சோதித்திருக்கிறார்கள் என்பதும் இதற்குப் பெரிய பலம்.

3 டெஸ்லாவில் சிக்னல் கொள்கையளவில் இரண்டு மடங்கு. அந்தக் கூடுதலை இரண்டு வழிகளில் செலவு செய்யலாம்: படத்தை நுணுக்கமாக்கலாம், அல்லது நேரத்தைக் குறைக்கலாம். நுணுக்கம் தேவைப்படும் இடங்களில் இது உண்மையிலேயே வித்தியாசம் காட்டும். வலிப்புக்குக் காரணமான, மூளையின் மேற்பட்டையில் ஒளிந்திருக்கும் சிறு கோளாறு, மூளை, தண்டுவட நரம்புகளின் உறையைத் தாக்கும் மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் நோயின் சின்னச் சின்னப் புள்ளிகள், ஊசி போடாமலே மூளை ரத்தக்குழாய்களைப் பார்ப்பது, மணிக்கட்டு, விரல் மூட்டுகளின் மெல்லிய தசைநார்கள், குருத்தெலும்பு, புராஸ்டேட். இவற்றில் ஏதாவது ஒன்றுக்காக உங்களை அனுப்பியிருந்தால் 3 டெஸ்லாவைத் தேடிப் போவதில் அர்த்தம் இருக்கிறது.

ஆனால் அதற்கு விலையும் உண்டு. அதே ரேடியோ துடிப்புக்கு உடம்பு வாங்கும் வெப்பம் ஏறக்குறைய நான்கு மடங்கு ஆகும். எந்திரம் தானே கணக்குப் பார்த்து எல்லைக்குள் வைத்துக்கொள்ளும் என்பதால் ஆபத்தில்லை, ஆனால் அதற்காகச் சில ஸ்கேன்களை மெதுவாக ஓட்ட வேண்டி வரும். 3 டெஸ்லாவின் ரேடியோ அலை உடம்புக்குள் ஏறக்குறைய 26 செ.மீ. நீளமாகச் சுருங்குகிறது. வயிற்றின் அகலமும் அதே அளவில் இருப்பதால், பெரிய வயிறு உள்ளவர்களுக்கும், வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கும் படத்தின் நடுவே நிழல் விழும். புதிய எந்திரங்கள் இதை ஓரளவு சரிசெய்கின்றன, முழுக்க அல்ல. உலோகத்தைச் சுற்றி ஏற்படும் உருக்குலைவும் புலத்தோடு சேர்ந்து கூடும். முதுகில் ராட், ஸ்க்ரூ போட்டவர், இடுப்பு மூட்டு மாற்றியவர் ஆகியோருக்கு 1.5 டெஸ்லாவில், உலோகத்துக்கென்றே உள்ள தனி முறையில் எடுப்பதுதான் பெரும்பாலும் நல்லது. சத்தமும் 3 டெஸ்லாவில் பொதுவாக அதிகம். காதுக்குப் பஞ்சும் ஹெட்போனும் இரண்டுமே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

1.5-க்குக் கீழே போனால் இரண்டு வேறு உலகங்கள். ஒன்று பழையது: 0.2 முதல் 0.4 டெஸ்லா வரையிலான நிரந்தரக் காந்த எந்திரங்கள். ஹீலியம் வேண்டாம், நடத்தும் செலவு குறைவு. ஆனால் சிக்னல் குறைவு என்பதால் நேரம் கூடும், படம் தடித்து இருக்கும். கொழுப்பின் சிக்னலையும் நீரின் சிக்னலையும் அதிர்வெண்ணை வைத்துப் பிரிப்பது இங்கே கடினம். 1.5 டெஸ்லாவில் அந்த இடைவெளி ஏறக்குறைய 220 ஹெர்ட்ஸ், 0.3 டெஸ்லாவில் வெறும் 44. முதுகில் வட்டு (டிஸ்க்) பெரிய அளவில் பிதுங்கியிருக்கிறதா, முழங்காலில் ஜவ்வு கிழிந்திருக்கிறதா என்பது போன்ற கேள்விகளுக்கு இவை பதில் சொல்லும். சின்னக் கட்டியைத் தேட இங்கே போகாதீர்கள்.

இன்னொன்று புதியது. சீமென்ஸ் நிறுவனத்தின் 0.55 டெஸ்லா மேக்னடாம் ஃப்ரீ மேக்ஸ் மாதிரி, குறைந்த புலத்தையே வேண்டுமென்று தேர்ந்தெடுத்து, புதிய மின்னணுவையும் கணினி முறைகளையும் அதோடு சேர்த்த எந்திரங்கள் வந்திருக்கின்றன. குறைந்த புலத்தில் உலோகத்தின் உருக்குலைவு குறைவு. காற்று நிறைந்த நுரையீரலும் இதில் நன்றாகத் தெரிகிறது. பழைய 0.3 டெஸ்லா அனுபவத்தை வைத்து இவற்றை எடை போடுவது நியாயமில்லை.

இன்னும் கீழே, 0.064 டெஸ்லாவில் ஹைப்பர்ஃபைன் நிறுவனத்தின் ஸ்வூப். சாதாரண சுவர் பிளக்கில் செருகி, நோயாளியின் படுக்கைக்கே தள்ளிக்கொண்டு வரலாம். 2020-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தீவிர சிகிச்சைப் பிரிவில் அசைக்க முடியாத நோயாளியின் மூளையில் ரத்தக்கசிவு, நீர்க்கோப்பு, பெரிய பக்கவாதம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் இது. நாமாகப் போய்த் தேர்ந்தெடுக்கும் எந்திரம் அல்ல.

மேலே 7 டெஸ்லா இருக்கிறது. சீமென்ஸின் மேக்னடாம் டெர்ரா 2017-ல் அமெரிக்காவில் தலைக்கும் கைகால்களுக்கும் மருத்துவ அனுமதி பெற்றது. உலகில் மிகக் குறைவான மையங்களில்தான் உண்டு. உள்ளே போகும்போது சிலருக்குத் தலைசுற்றலும் வாயில் உலோகச் சுவையும் தெரியும். பாரிஸுக்கு அருகே நியூரோஸ்பின் ஆய்வகத்தில் உள்ள 11.7 டெஸ்லா இசூல்ட் எந்திரத்தின் காந்தம் மட்டும் 132 டன். அதில் எடுத்த மனித மூளையின் முதல் படங்கள் 2024-ல் வெளிவந்தன. ஆய்வுக்கான எந்திரம் அது.

படி 4: வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள்

குழாய் வடிவ எந்திரத்தின் துளை வழக்கமாக 60 செ.மீ. அகலம். வைட் போர் என்றால் 70. பத்து செ.மீ. தானே என்று தோன்றும். படுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் முகத்துக்கு மேலே கிடைக்கும் அந்த இடத்தின் அருமை தெரியும். முன்பே சொன்ன ஃப்ரீ மேக்ஸில் துளை 80 செ.மீ. இன்று 1.5 டெஸ்லாவிலும் 3 டெஸ்லாவிலும் 70 செ.மீ. எந்திரங்கள் பரவலாகக் கிடைக்கின்றன. ஆகவே அடைபட்ட இடத்தில் பயம் என்ற ஒரே காரணத்துக்காகக் குறைந்த புல ஓபன் எந்திரத்துக்கு ஓட வேண்டியதில்லை. முதலில் வைட் போர் எங்கே இருக்கிறது என்று விசாரியுங்கள்.

அதற்கும் முன்னால் இன்னொன்று. முழங்கால், கணுக்கால் ஸ்கேன் என்றால் கால்தான் முதலில் உள்ளே போகும். தலை வெளியிலோ வாயிலிலோதான் இருக்கும். இது தெரியாமல் பயந்து, முழங்காலுக்குப் போய் மங்கலான ஓபன் எந்திரத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் நிறைய. தலை, கழுத்து, தோள்பட்டை, மார்பு போன்றவற்றுக்குத்தான் தலை நன்றாக உள்ளே போகும்.

ஓபன் எந்திரத்தில் மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு, பக்கங்கள் திறந்திருக்கும். குழந்தைக்குப் பக்கத்தில் அம்மா உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ளலாம். மயக்க மருந்து இல்லாமல் முடிந்துவிட்டால் அதுவே பெரிய லாபம். பெரும்பாலானவை குறைந்த புலம்தான். ஹிட்டாச்சி நிறுவனம் கொண்டுவந்த ஓயாசிஸ் போல 1.2 டெஸ்லா கொண்ட ஓபன் எந்திரமும் உண்டு. அதனால் ஓபன் என்றாலே மங்கல் என்று முடிவு செய்துவிடாமல், அதிலும் எத்தனை டெஸ்லா என்று கேளுங்கள்.

நின்றுகொண்டோ உட்கார்ந்துகொண்டோ எடுக்கும் எந்திரமும் இருக்கிறது. டமாடியன் தொடங்கிய ஃபோனார் நிறுவனத்தின் 0.6 டெஸ்லா எந்திரம் இந்த வகை. படுத்தால் காணாமல் போய், நின்றால் மட்டும் வரும் முதுகுவலிக்கு, எடை தாங்கும் நிலையில் முதுகெலும்பு எப்படி இருக்கிறது என்று பார்க்க உதவும். டாக்டர் குறிப்பாகச் சொன்னால் மட்டும் தேடுங்கள். கையையோ காலையோ மட்டும் உள்ளே விடும் சின்ன எந்திரங்களும் உண்டு. உடம்பு முழுக்க வெளியே இருக்கும், நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தால் போதும்.

உடல் எடை அதிகம் உள்ளவர்கள் துளையின் அகலத்தோடு மேசை எத்தனை கிலோ தாங்கும் என்பதையும் கேட்க வேண்டும். பழைய எந்திரங்களின் எல்லை குறைவு. கூச்சப்பட வேண்டாம். போன பிறகு முடியாது என்று திரும்பி வருவதைவிடப் போனில் கேட்பது எவ்வளவோ மேல்.

படி 5: விளம்பரத்தில் வராத விஷயங்கள்

என் கணிப்பில், டெஸ்லாவைவிட இந்தப் பகுதிதான் பல ஸ்கேன்களின் தரத்தைத் தீர்மானிக்கிறது.

முதலில் காயில். சிக்னலைப் பிடிக்கும் இந்த உறை உறுப்போடு ஒட்டி இருக்க வேண்டும். மணிக்கட்டுக்கு மணிக்கட்டுக் காயில், முழங்காலுக்கு முழங்கால் காயில், மார்பகத்துக்குக் குப்புறப் படுக்கும் தனிக் காயில். சரியான மணிக்கட்டுக் காயிலோடு எடுத்த 1.5 டெஸ்லா படம், பொதுவான காயிலைச் சுற்றி வைத்து எடுத்த 3 டெஸ்லா படத்தைத் தோற்கடித்துவிடும். மார்பகக் காயில் இல்லாத இடத்தில் மார்பக எம்ஆர்ஐ எடுக்கவே கூடாது. எத்தனை சேனல், அதாவது சிக்னலைத் தனித்தனியாகப் பிடிக்கும் வழிகள் எத்தனை, என்ற எண்ணும் முக்கியம்: தலைக்கு 8 சேனல் காயில் ஒரு காலத்தில் சாதாரணம், இப்போது 16, 32, 64 என்று போய்விட்டது.

அடுத்தது மென்பொருள். 2020-ஐ ஒட்டிச் செயற்கை நுண்ணறிவால் இரைச்சலைக் களையும் முறைகள் மருத்துவமனைகளுக்கு வரத் தொடங்கின. இவை இருந்தால் அதே தரத்தில் நேரத்தை வெகுவாகக் குறைக்கலாம். 1.5-க்கும் 3-க்கும் நடுவே இருந்த இடைவெளியை இது நன்றாகவே சுருக்கியிருக்கிறது. அசையாமல் படுக்க முடியாத வலி உள்ளவர்களுக்கு இது ஒரு வரம்.

அப்புறம், படத்தைப் படிப்பவர். கதிரியல் மருத்துவர்களிலேயே மூளைக்கு ஒருவர், மூட்டுகளுக்கு ஒருவர், வயிற்றுக்கு ஒருவர் என்று தேர்ந்தவர்கள் உண்டு. நுணுக்கமான கேள்வி என்றால், அந்தத் துறையில் தேர்ந்தவர் படிக்கும் மையத்துக்குப் போங்கள். எந்திரம் ஒரு படி குறைவாக இருந்தாலும் பரவாயில்லை.

காந்தத்தில் ஹீலியம் எவ்வளவு என்பது நோயாளிக்குப் பொருட்டல்ல. பழைய முறையில் ஆயிரம் லிட்டருக்கு மேல் தேவைப்பட்ட இடத்தில், 2018-ல் வந்த பிலிப்ஸின் புளூசீல் காந்தம் 7 லிட்டரில் வேலை செய்கிறது. எந்திரம் வாங்கும் மருத்துவமனைக்கு அது பெரிய செய்தி. உங்கள் படத்தில் அதனால் ஒரு மாற்றமும் வராது.

படி 6: போனில் கேட்க வேண்டியவை

இப்படிக் கேளுங்கள்: "உங்கள் எந்திரம் எத்தனை டெஸ்லா? துளை 60-ஆ 70-ஆ? இந்த உறுப்புக்குத் தனிக் காயில் இருக்கிறதா? எனக்கு இன்ன கருவி உள்ளே வைத்திருக்கிறது, இதுதான் மாடல் எண், உங்கள் எந்திரத்தில் எடுக்கலாமா? எவ்வளவு நேரம் ஆகும்? யார் ரிப்போர்ட் எழுதுவார்?" வரவேற்பில் இருப்பவருக்குப் பதில் தெரியாமல் இருக்கலாம். டெக்னீஷியனிடம் கொடுக்கச் சொல்லுங்கள். உள்ளே வைத்த கருவி பற்றிய கேள்விக்கு, "அதெல்லாம் ஒன்றும் ஆகாது, வாங்க" என்று மாடல் எண்ணைக்கூடக் கேட்காமல் பதில் வந்தால் அந்த மையத்தைத் தவிர்த்துவிடுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மூளை ஸ்கேன் என்றால், "முப்பரிமாண முறையில் மெல்லிய வெட்டுகளாக எடுப்பீர்களா?" என்றும் கேட்கலாம். 5 மி.மீ. தடித்த வெட்டுகளுக்கு நடுவே சின்னக் கோளாறு நழுவிவிடும். 1 மி.மீ. வெட்டில் அது அகப்படும்.

படி 7: ஸ்கேன் நாளும் அதற்குப் பிறகும்

எந்த எந்திரமாக இருந்தாலும் படத்தை அதிகம் கெடுப்பது அசைவுதான். விலை உயர்ந்த 3 டெஸ்லாவில் அசைந்தவரின் படத்தைவிட, சாதாரண 1.5 டெஸ்லாவில் அசையாமல் படுத்தவரின் படம் மேல். படுக்கும்போது உடம்பு சௌகரியமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முழங்காலுக்கு அடியில் தலையணை, குளிர்ந்தால் போர்வை, எல்லாம் கேட்டால் தருவார்கள். ஆரம்பித்த பிறகு சரிசெய்ய முடியாது. வலி இருந்தால் மாத்திரை எப்போது போடலாம் என்று டாக்டரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வயிற்று ஸ்கேன் என்றால் மூச்சை 15, 20 விநாடி பிடிக்கச் சொல்வார்கள். வீட்டிலேயே கொஞ்சம் பழகிக்கொண்டு போனால் அங்கே திணற வேண்டாம். முடியவில்லை என்றால் வெட்கப்படாமல் முன்கூட்டியே சொல்லுங்கள், மூச்சுவிட்டபடியே எடுக்கும் முறைகளும் இருக்கின்றன.

கையில் ஒரு ரப்பர் பந்து கொடுப்பார்கள். அழுத்தினால் உடனே நிறுத்திவிடுவார்கள். உடம்பில் எங்காவது சுடுவது போல் தெரிந்தால், பொறுத்துக்கொள்ளாமல் அழுத்துங்கள். கைகளைக் கோத்துக்கொண்டோ, காலைப் பின்னிக்கொண்டோ படுக்காதீர்கள். தோலோடு தோல் ஒட்டி வளையமானால் அந்த இடம் சூடாகும்.

முடிந்ததும் ரிப்போர்ட்டோடு நிற்காமல், படங்களை டைகாம் என்ற மருத்துவப் படக் கோப்பு வடிவத்தில் சிடியிலோ இணைப்பாகவோ கேட்டு வாங்குங்கள். அச்சிட்ட ஃபிலிமில் தேர்ந்தெடுத்த சில படங்கள்தான் இருக்கும். இன்னொரு டாக்டரிடம் காட்டும்போது முழுத் தொகுப்பும் இருந்தால்தான் அவரால் தானே பார்த்துச் சொல்ல முடியும்.

கட்டி, மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் போல் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் தொடர்ந்து பார்க்க வேண்டிய நோய் என்றால், கூடியவரை அதே எந்திரத்தில், அதே முறையில் எடுங்கள். போன முறை 1.5-ல் எடுத்து இந்த முறை 3-ல் எடுத்தால், புதிதாகத் தெரியும் புள்ளி நோய் வளர்ந்ததால் வந்ததா, எந்திரம் கூர்மையானதால் தெரிகிறதா என்று பிரிப்பது கஷ்டம். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் பழைய படங்களைக் கையோடு கொண்டுபோய், ரிப்போர்ட் எழுதுவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.